‘என்கிற’ என்ற சொல்லும் முப்பத்துநான்காம் படமும்

நான் வேலை பார்த்த அருங்காட்சியகம் ஓய்வுபெற்ற ஊழியர்களுக்கெல்லாம் சென்ற மாதம் ஒரு புத்தகம் அனுப்பியிருந்தது. வழவழப்பான தாள், நல்ல அச்சு. இனிமேல் எந்த மக்களைப் பற்றிப் பேச்சோ கண்காட்சியோ வைத்தாலும் முதலில் அந்த மக்களைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் வைப்பார்களாம். நல்ல விஷயம். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பேன். பதினோராம் பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். விரிவுரை மண்டபத்தின் முன்வரிசையில் தொப்பி அணிந்த ஒரு பெண்மணி எழுந்து நின்று பேசிக்கொண்டிருக்கிறார். ‘எண்பதுகளிலேயே சமூகத்தின் குரலுக்கு மேடை கொடுத்தோம்’ என்று கீழே போட்டிருக்கிறார்கள்.

மேடை கொடுத்தார்களாம்! அந்தப் பெண்மணியை யாரும் அழைக்கவில்லை. அவர் எழுந்து நின்றபோது உட்காரச் சொன்னார்கள். பிறகு கேள்வி கேட்க நேரமில்லை என்று விளக்கைப் போட்டுச் சபையைக் கலைத்தார்கள்.

என் மகள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “அப்பா, இது உங்கட மியூசியம் தானே? எய்ட்டீஸிலயே இப்பிடிச் செய்திருக்கினம். தட்ஸ் அமேசிங்” என்றாள். படத்தில் பின்சுவரின் உச்சியில் வெளிச்சமான ஒரு சதுரச் சன்னல் தெரிகிறது. அது புரொஜெக்டர் அறை. அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் நின்றவன் நான் என்று அவளுக்குச் சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் எனக்கு வேலையுமில்லை, வீடுமில்லை. மனைவி சறோவை யாழ்ப்பாணத்தில் அவளுடைய தாய்வீட்டில் விட்டுவிட்டு அடுத்த ஆண்டு நான் மட்டும் ரொறொன்ரோ வந்து சேர்ந்தேன். ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்டில் ஐந்து பேராக இருந்தோம். கொழும்பில் வரைபடங்களைப் பிலிமில் பிரதி எடுக்கும் வேலை பார்த்தவன் என்பதால், அருங்காட்சியகத்தின் விரிவுரை மண்டபத்தில் உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கிழமை கூட நின்று காட்டித் தந்தார்கள், அந்த ஒரு கிழமையில் மூன்று பல்ப் எரித்தேன், பிறகு சாவியைக் கையில் தந்துவிட்டார்கள்.

சாவியோடு ஒரு பெயர் அட்டையும் தந்தார்கள். என் பெயர் குகநாதன். அப்பாவின் பெயர் வைத்திலிங்கம். எங்கள் வழக்கப்படி அவர் பெயரை முன்னாலும் என் பெயரைப் பின்னாலும் எழுதிக் கொடுத்ததில், அவர்கள் எது யாருடையது என்று கேட்காமலே என்னை வைத்திலிங்கம் ஆக்கிவிட்டார்கள். அது அவர்கள் வாயில் நுழையாமல் ‘வைட்டி’ ஆயிற்று. என் அப்பா ஊரில் தபாற்கந்தோர் மாஸ்டர். அவர் வருகிறார் என்றால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நடப்பார்கள். என் அம்மா தன் ஆயுளில் ஒரு நாளும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைத்தான் சொல்லச் சொல்லுவா. இங்கே காலை ஒன்பது மணிக்கே, “வைட்டி, இன்னும் இரண்டு கதிரை கொண்டு வா” என்று அந்த மனுஷனை வேலை ஏவினார்கள். இரண்டு முறை திருத்தச் சொல்லிக் கேட்டேன். மூன்றாம் முறை கேட்க வெட்கமாயிருந்தது.

எனக்கு மேலே இருந்தவரை ஹோல்ட் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. பொது நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. மேசையில் எப்போதும் சீவிய பென்சில் ஆறு, ஒரே நீளத்தில். ஒன்று குட்டையானால் ஆறையும் மாற்றுவார். எதையாவது மறுக்க வேண்டுமானால் தலையைச் சரித்து, “அது வேண்டாமே” என்பார். “நன்றி” என்றால் வெளியே போகலாம் என்று அர்த்தம். கத்துகிற மேலதிகாரியோடு சண்டை பிடிக்கலாம். இந்த மனிதரோடு எங்கே பிடிப்பது என்றே தெரியாது. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் ஆளை முடித்துவிடுவார்.

இப்போது பேச்சாளர்கள் சட்டைப்பையில் எதையோ கொண்டுவந்து கணினியில் செருகுகிறார்கள். அப்போது சிலைட்தான். இரண்டங்குலச் சதுர அட்டைச் சட்டத்துக்குள் ஒரு துண்டுப் பிலிம். எண்பது சிலைட் நிற்கும் வட்டத் தட்டு ஒன்று புரொஜெக்டரின் தலையில் உட்காரும். ஒவ்வொரு சிலைட்டையும் கண்ணுக்கு நேரே பிடித்து, படம் சரியாகத் தெரியும்போது இடது கீழ் மூலையில் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். பிறகு தலைகீழாகத் திருப்பித் தட்டில் இறக்கினால் புள்ளி வலது மேல் மூலைக்கு, பெருவிரலின் கீழே வந்து நிற்கும். ஒரு புள்ளி இடம் மாறித் தெரிந்தாலும் பேச்சு நடுவில் யாரோ தலைகீழாக நிற்பார், சபை சிரிக்கும். என் காலத்தில் அப்படி ஒருவரும் தலைகீழாக நிற்கவில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

படத்தின் ஓரம் வேண்டாமென்றால் மறைப்பதற்கு வெள்ளி நிறத்தில் ஒட்டுநாடா இருந்தது. மெல்லியது, ஆனால் ஒளி புகாது. அதைப் பிலிமின் மினுங்குகிற பக்கத்தில் ஒட்ட வேண்டும். மங்கலான பக்கத்தில் ஒட்டினால் உரிக்கும்போது படமும் சேர்ந்து உரிந்துவிடும். வெளிச்சப் பெட்டியின் மேல் சிலைட்டை வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, மயிரளவும் பிசகாமல் ஒட்டுவேன். ஹோல்ட்கூட ஒரு முறை அதைப் பார்த்துவிட்டு “சுத்தமான வேலை” என்றார்.

எண்பத்தாறு இலையுதிர் காலத்தில், ஒரு ஞாயிறு பிற்பகலுக்கு ஒரு பேராசிரியரின் பேச்சு ஏற்பாடாகியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு செமினோல் பிரசங்கியாரைப் பற்றியது. செமினோல் என்பவர்கள் புளோரிடாவின் சதுப்பு நிலத்தில் வாழ்ந்த பூர்வகுடி மக்கள். அவர்களை அங்கிருந்து மேற்கே துரத்த அமெரிக்கப் படை ஆண்டுக் கணக்காகப் போர் நடத்தியது. அந்தப் போரில் தாய் தகப்பனைப் பறிகொடுத்த ஒரு பிள்ளை மிஷனரிகளின் கையில் போய்ச் சேர்ந்து, வேதம் படித்து, பிரசங்கியாராகி, வடக்கே நகரம் நகரமாகப் போய்த் தன் சனத்துக்கு நடந்ததை மேடைமேடையாகச் சொன்னது. ரொறொன்ரோவிலும் பேசியிருக்கிறார். அந்தக் கூட்டத்துக்கு அச்சடித்த துண்டுப் பிரசுரம் ஒன்று எங்கள் அருங்காட்சியகத்தின் நிலவறையிலேயே இருந்தது. அவருடைய சொந்தப் பெயர் நீளமானது. அதை நான் தமிழில் பிழையாக எழுதப் போவதில்லை, பிழையாக எழுதிய பெயர்கள் போதும். பிரசுரத்தில் அந்தப் பெயரும் இருந்தது, பக்கத்தில் எலியாஸ் பென்ரோஸ் என்ற ஆங்கிலப் பெயரும் இருந்தது.

பேச்சுக்கு ஐந்து நாள் முன்னதாகச் சிலைட்டுகள் பெட்டியில் வந்தன. தட்டெழுத்தில் ஒரு பட்டியலும், பேச்சின் சுருக்கமும் கூடவே வந்தன. முப்பத்துமூன்றாம் படம், எலியாஸ் பென்ரோஸ் என்ற வெள்ளைக்கார வணிகர். முப்பத்துநான்கு, அந்தப் பிரசுரம். அதற்கு நேரே, ‘கீழ் ஓரத்தை மறைக்கவும், எழுத்து வாசிக்க முடியாத அளவு சிறியது’ என்று குறித்திருந்தார். நான் கேள்வி கேட்காமல் நாடாவை வெட்டி ஒட்டினேன். ஒட்டி அழுத்தும்போதுதான் பூதக்கண்ணாடியின் அடியில் அந்தக் கடைசி வரி கண்ணில் பட்டது. பாதியை நாடா விழுங்கிவிட்டது. கிளப்பிவிட்டு வாசித்தேன். ‘மேற்படி ஆங்கிலப் பெயர், இவருடைய படிப்புச் செலவை ஏற்ற கனவானின் பெயர். இவருக்குச் சிறுவயதில் மிஷனால் இடப்பட்டது.’

பேச்சின் சுருக்கத்தை அதற்குப் பிறகுதான் வாசித்தேன். பேராசிரியரின் வாதம் இதுதான்: உண்மையான எலியாஸ் பென்ரோஸ் என்ற பணக்காரர் ஒருவர் இருக்கும்போதே, இந்த மனிதர் அவருடைய பெயரைத் திருடிக்கொண்டு மேடை ஏறியிருக்கிறார். பெயரிலேயே பொய் சொன்னவர் மற்றதிலும் பொய்தான் சொல்லியிருப்பார். செமினோல் என்பதும் சந்தேகம், போரில் நடந்ததாகச் சொன்னவையும் சந்தேகம். ஆக, ஒரு வேடதாரி.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. காரணம், இந்தச் சங்கதி எனக்குப் புதிதல்ல. என் அம்மாவின் பூட்டனார் முருகேசர் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் விடுதியில் படித்தவர். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து எந்த அமெரிக்கர் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்குக் காசு அனுப்புகிறாரோ, அவர் பெயரைத் தூக்கி அந்தப் பிள்ளையின் தலையில் வைத்துவிடுவார்கள். முருகேசருக்கு அப்படி ஏதோ ஒரு ஜோனதனின் பெயர் வைத்தார்கள். அந்த ஜோனதன் கறுப்பா சிவப்பா என்றே அவருக்குத் தெரியாது. விடுதியை விட்டு வந்த அன்றே அவர் திருநீறு பூசிக்கொண்டார். ஆனால் சான்றிதழில் ஜோனதன் ஒட்டிக்கொண்டுவிட்டார். காணி உறுதிப் பத்திரங்களில் நொத்தாரிசு ‘ஜோனதன் என்கிற முருகேசர்’ என்று எழுதிவிட்டுத் தலையும் நிமிராமல் அடுத்த வரிக்குப் போவார். எங்கள் ஊரில் ‘என்கிற’ என்பதில் ஒரு குற்றமும் இல்லை. அது அவருக்கு என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான்.

சிலைட்டையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு ஹோல்டிடம் போனேன். வரியைக் காட்டினேன். முருகேசரைப் பற்றியும் சொன்னேன். அவர் பென்சிலை நேராக்கியபடி கேட்டார். வாசித்தாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

“வைட்டி, படத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது பேச்சாளரின் முடிவு. அது தெளிவாக விழுகிறதா என்பதுதான் நம்முடைய வேலை.”

“ஆனால், சேர், இந்த வரி அவர் சொல்வதற்கு நேர் எதிர். அசல் தாளும் கீழே நிலவறையில் இருக்கிறது. ஒருமுறை அவரைப் பார்க்கச் சொன்னால்...”

“அது வேண்டாமே” என்று தலையைச் சரித்தார். “நன்றி.”

அன்று வீட்டில் தவம் அண்ணையிடம் சொன்னேன். ஐந்து பேரில் மூத்தவர், ஒரு பேக்கரியில் வேலை. அவருக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும். சறோவைக் கூப்பிடப் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பத்துக்கு, வேலை நிரந்தரம் என்று ஹோல்டின் கையெழுத்தோடு ஒரு கடிதம் தேவைப்பட்டது. கேட்டு ஒரு மாதமாகியும் கைக்கு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் ஷெல் விழாத கிழமை இல்லை.

“தம்பி, உமக்கேன் உந்தத் தேவையில்லாத வேலை?” என்றார் தவம் அண்ணை. “உவங்கட செத்த ஆக்களைப் பற்றி உவங்கள் என்னவும் கதைக்கட்டும். முதல்ல மனிசி வந்து சேரட்டும், அதைப் பாரும்.”

“அண்ணை, அந்தாளுக்கு நடந்ததுதான் எங்கட பூட்டனுக்கும் நடந்தது.”

“ஓம், நடந்தது. பூட்டன் இப்ப ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள்ளயே இருக்கிறார்? சறோ இருக்கிறா.”

அடுத்த நாள் வேலைக்குப் போனதும் நாடாவை நேராக ஒட்டி, சிலைட்டைத் தட்டில் இறக்கினேன்.

ஞாயிறு ஒன்றரை மணிக்கு மண்டபக் கதவைத் திறந்துவிட்டு நின்றேன். முதலில் வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. நீலத் தொப்பி, நன்றாக அழுத்திய மேலங்கி. ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலைச் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை, கோ ரெயினில் வந்தேன் என்றார். காது கொஞ்சம் மந்தம், முன்னுக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டார். பதிவுப் புத்தகத்தில் பெயர் எழுதச் சொன்னேன். ரூத் பென்ரோஸ் என்று எழுதினார்.

நான் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆமாம், அவர்தான். என் பாட்டனாரின் தகப்பன். பத்திரிகையில் அறிவிப்பைப் பார்த்தபோது நம்பவே முடியவில்லை. நூறு வருடத்துக்குப் பிறகு யாரோ அவரைப் பற்றிப் பேசப்போகிறார்கள்!”

அவரை முன்வரிசையில் உட்காரவைத்தேன். மேலங்கியைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வெறும் மேடையைப் பார்த்துப் புன்னகைத்தபடி இருந்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்த மேடையிலிருந்து அவருடைய பாட்டனாரின் தகப்பனைக் கள்ளன் என்று சொல்லப் போகிறார்கள், இவர் பதிவுப் புத்தகத்தில் எழுதிய பெயரையே களவாடிய பெயர் என்று சொல்லப் போகிறார்கள். சபை சிரிக்கும். இது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் தெரியும். மறுப்பதற்கான ஒரே சாட்சியை மறைத்து ஒட்டியவனும் நானே.

மாடி ஏறி அறைக்குப் போனேன். முப்பத்துநான்காம் சிலைட்டை வெளியே எடுத்தேன். சாமணத்தால் நாடாவின் நுனியைப் பிடித்து, மெதுவாக உரித்தேன். மினுங்கும் பக்கத்தில் ஒட்டியிருந்ததால் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைத் துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது வெறும் கோபம்.

பேராசிரியர் நன்றாகப் பேசினார், அதையும் சொல்ல வேண்டும். சபை அவர் கையில் இருந்தது. முப்பத்துமூன்றாம் படத்தில் தாடி வைத்த வணிகரைக் காட்டி, “இதோ, உண்மையான பென்ரோஸ்” என்றார். அடுத்து மேசையில் இருந்த பொத்தானை அழுத்தினார். என் அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. முப்பத்துநான்கை இறக்கினேன்.

“இதோ நம்முடைய வேடதாரி. ஏலியஸ் எலியாஸ்!” என்றார். ஏலியஸ் என்பதும் ‘என்கிற’ என்பதும் ஒன்றுதான். ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைப் பொலிஸ்காரர்கள் கள்ளர்களுக்கு வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். சபை விழுந்து விழுந்து சிரித்தது. நீலத் தொப்பி அசையவில்லை.

லென்ஸைத் திருகினேன். பிரசுரம் பெருத்தது. கடைசி வரி திரைக்குக் கீழே போய்விட்டது. புரொஜெக்டரின் முன்காலில் ஒரு திருகாணி உண்டு, அதைத் திருகினால் படம் மேலே ஏறும். திருகினேன். கடைசி வரியின் எழுத்துகள் மேலே ஏறி, திரையின் நடுவில், முழ நீளத்துக்கு நின்றன. பேராசிரியர் சபையைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. ரூத் பென்ரோஸ் எழுந்து நின்றார். காது மந்தமானவர்களுக்குள்ள உரத்த குரலில், சொல் சொல்லாக, அந்த வரியை வாசித்தார்.

பேராசிரியர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த படம் போடு என்று அர்த்தம். நான் போடவில்லை. மறுபடி எரிந்தது. மறுபடி.

“அவர் இந்தப் பெயரைக் கேட்டு வாங்கவில்லை” என்றார் ரூத் பென்ரோஸ். “தாய் தகப்பன் இல்லாத ஒரு பிள்ளைக்கு வைத்தார்கள். அந்தப் பெயரை நாங்கள் நான்கு தலைமுறையாகச் சுமக்கிறோம். இப்போது திருடியது என்கிறீர்கள். திருடியது யார்?”

அப்போதுதான் மேடைக்குப் பக்கத்தில் நின்ற அருங்காட்சியகப் படப்பிடிப்பாளர் கமராவைத் தூக்கினார். பதினோராம் பக்கத்துப் படம் அதுதான். அதே வேளையில் என் அறைக் கதவு திறந்தது. ஹோல்ட் என் தோளுக்கு மேலால் கையை நீட்டி முப்பத்தைந்தை இறக்கினார். பிறகு கீழே போய், “உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, அம்மா. தயவுசெய்து உட்காருங்கள், கேள்விகள் கடைசியில்” என்றார். கடைசியில் நேரம் இல்லாமல் போனதை முன்பே சொல்லிவிட்டேன்.

பேராசிரியர் அந்த வரியை வாசித்துவிட்டுத்தான் மறைக்கச் சொன்னாரா, வாசிக்காமலே மறைக்கச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முதலாவது என்றால் பொய்யர். இரண்டாவது என்றால் ஒரு மனிதரைக் கள்ளன் என்று சொல்வதற்கு முன் ஒரு தாளை முழுதாக வாசிக்கும் பொறுமை இல்லாதவர். எதுவானாலும் என் கோபம் குறைவதில்லை.

திங்கட்கிழமை காலை ஹோல்ட் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று, தட்டெழுத்தில் என் பெயரால் ஒரு குறிப்பு: மறைப்பு நாடா தானாகக் கழன்றதாலும், லென்ஸ் கோளாறினாலும் முப்பத்துநான்காம் படம் பிழையாகத் திரையில் விழுந்தது, அதில் தெரிந்த எழுத்துகளை நம்பத் தேவையில்லை, சபையைக் குழப்பியதற்கு இயக்குநர் வருந்துகிறார். இயக்குநர் என்றால் நான். மற்றது, சறோவின் விண்ணப்பத்துக்கான வேலைக் கடிதம். அதன் அடியில் அவருடைய கையெழுத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது.

அவர் மிரட்டவில்லை. ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. இரண்டு தாளையும் ஓரம் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் நேராக்கி வைத்தார்.

“இரண்டு தாள் இருக்கிறது, வைட்டி. இன்றைக்கே இரண்டையும் முடித்துவிடுவோமே.”

நான் கையெழுத்து வைத்தேன். அவரும் வைத்தார். “நன்றி” என்றார்.

அருங்காட்சியகத்தின் அடுத்த மாத இதழில் பேராசிரியரின் பேச்சு ஒரு எழுத்தும் மாறாமல் வந்தது, அடிக்குறிப்பில் என் குறிப்பும் சேர்ந்து. ரூத் பென்ரோஸ் திருத்தம் போடச் சொல்லி எழுதினார், அசல் பிரசுரத்தைப் பார்க்க அனுமதியும் கேட்டார். அனுமதி பரிசீலனையில் இருப்பதாகச் சொல்லி, திருத்தத்துக்குப் பதிலாக என் குறிப்பின் பிரதியை அனுப்பிவிட்டார்கள். அவர் மண்டபத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

“உங்கள் குறிப்பு கிடைத்தது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வரி தாளில் இருக்கிறதா, இல்லையா?”

“இருக்கிறது.”

“அதை அவர்களிடம் எழுதிக் கொடுப்பீர்களா?”

என் மனைவி யுத்தத்துக்குள் இருக்கிறாள், விசா இன்னும் வரவில்லை என்று சொன்னேன். ஏசுவார் என்று தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

“உங்கள் மனைவி வந்து சேரட்டும்” என்றார். “வந்த பிறகு சொல்லுங்கள்.”

எண்பத்தெட்டு வசந்தத்தில் சறோ வந்து சேர்ந்தாள். நான் சொல்லவில்லை. முதலில், அவளுடைய பத்திரங்கள் நிரந்தரமாகட்டும் என்று இருந்தேன். பிறகு பிள்ளை பிறந்தது. பிறகு வீடு. ஹோல்ட் ஓய்வுபெற்றுப் போனார், அப்போதும் சொல்லவில்லை, ஏனென்றால் அவருக்குப் பின்னால் வந்தவரும் ஹோல்டின் ஆள் என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொன்னேன். பிறகு பென்சன். ஒஷாவாவுக்குக் கலியாண வீடுகளுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒருமுறைகூட அந்தப் பெண்மணியைத் தேடிப் போகவில்லை. அந்தப் பேச்சு நூலகத்தில் இருக்கிறது. பிரசங்கியாரைப் பற்றி யார் தேடினாலும் இன்றைக்கும் வேடதாரி என்றுதான் கிடைக்கும், அடிக்குறிப்பில் என் கையெழுத்தோடு.

புத்தகம் வந்த அன்று சறோவுக்கு எல்லாவற்றையும் முதல் தடவையாகச் சொன்னேன். அவள் காய் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

“இஞ்சருங்கோ, என்னை ஏன் உதுக்குள்ள இழுக்கிறியள்? நான் வாற வரைக்கும் வாய் மூடினது சரி. நான் வந்து எத்தினை வருசம்? வந்த முதல் கிழமையே எழுதியிருக்கலாமே. அந்த மனிசி எனக்காகவெல்லோ பொறுத்தது. எனக்கு ஒரு சொல்லுச் சொன்னீங்களோ? நானே பஸ் பிடிச்சுப் போய் அவவைப் பாத்திருப்பன்.”

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எனக்குக் கோபம் அருங்காட்சியகத்தின் மேல் மட்டும்தான் என்று இதுவரை வாசித்தவர்கள் நினைத்திருந்தால், அது என் எழுத்தின் பிழை. பென்ரோஸ் என்ற பெயரில் ஒஷாவாவில் இப்போது தொலைபேசி எதுவும் இல்லை. பக்கத்து ஊர் விட்பியிலும் தேடிப் பார்த்துவிட்டேன்.

அடுத்த நாளே உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். நாடா தானாகக் கழலவில்லை, நான் உரித்தேன். லென்ஸில் கோளாறு இல்லை, நான் திருகினேன். அந்த வரி அசல் தாளில் இருக்கிறது, நிலவறைக்குப் போய்ப் பாருங்கள். ரூத் பென்ரோஸுக்கு யாரும் மேடை கொடுக்கவில்லை, அவரை உட்காரச் சொன்னீர்கள். என் குறிப்பு பொய், அதை எழுதி வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள், நான் போட்டேன். பேச்சையும் படக் குறிப்பையும் திருத்துங்கள். ஒன்றும் விடாமல் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. நல்ல தாள். தங்கள் அருமையான ஞாபகங்களைப் பகிர்ந்துகொண்டதற்கு மனமார்ந்த நன்றி, அவற்றை ‘ஊழியர் நினைவுகள்’ என்ற கோப்பில் சேர்த்துவிட்டோம் என்று எழுதியிருந்தது.

நான் அனுப்பியது நினைவல்ல, புகார். அந்தத் தாளின் தலையில் சிவப்பு மையால், பெரிய எழுத்தில், ‘முறைப்பாடு’ என்று எழுதினேன். கீழே குகநாதன் என்று கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பினேன். தமிழில்தான் எழுதினேன். எங்கள் ஆட்களில் யாரையாவது கூப்பிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கட்டும்.